முதல் வேலையாக கன்சல்டிங்கா?

(கல்லூரி இறுதியாண்டு மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"படித்து முடித்ததும் கன்சல்டிங் வேலைக்குப் போகலாமா?" இதுதான் இன்று எனக்குத் தரப்பட்ட கேள்வி. அந்தத் தொழிலில் 7 ஆண்டு இருந்தவன் நான். அதை விட்டு வந்து 15 ஆண்டாக ஓர் உற்பத்திக்கூடத்தில் இருக்கிறேன். இரண்டு கரையிலும் நின்று பார்த்தவன் என்ற உரிமையில், சுற்றி வளைக்காமல் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நல்ல தொழில். போகலாம். ஆனால் முதல் வேலையாகப் போகாதீர்கள். இரண்டாவது வேலையாகப் போங்கள்.

பதிலை முன்னால் வைத்து, காரணத்தைப் பின்னால் சொல்லும் இந்தப் பழக்கமே நான் அங்கே கற்றதுதான். 1963இல் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் பார்பரா மின்டோ என்பவரை வேலைக்கு எடுத்தது. எம்.பி.ஏ. படித்து அந்த நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்த முதல் பெண் அவர். அறிக்கை எழுதுவதற்கு அவர் ஒரு முறை வகுத்தார். அதற்குப் பிரமிட் முறை என்று பெயர். முடிவு உச்சியில் இருக்க வேண்டும். அதைத் தாங்கும் காரணங்கள் அதன் அடியில். அந்தக் காரணங்களைத் தாங்கும் சான்றுகள் அவற்றுக்கும் அடியில். நாம் எப்படிப் பேசுவோம்? கல்யாணத்துக்குப் போய்வந்த கதை என்றால் பஸ் ஏறிய இடத்திலிருந்து தொடங்குவோம். வீட்டுத் திண்ணையில் அதற்கு ஓர் அழகு உண்டு. ஆனால் மாதாமாதம் நஷ்டம் பார்க்கும் ஆலை முதலாளிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும். இப்படி எழுதவும் பேசவும் பழகினேன் பாருங்கள், அதற்காக அந்தத் தொழிலுக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

சரி, எந்தத் தொழிலைப் பற்றிப் பேசுகிறோம்? நம் ஊரில் 'கன்சல்டன்சி' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தொழில்கள் குடியிருக்கின்றன. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடிப்படி ஏறிப்போனால், பயோடேட்டாவை வாங்கி வைத்துக்கொண்டு வேலை பிடித்துத் தருவதாகச் சொல்லும் அலுவலகம் ஒன்று இருக்கும். அதற்கும் கன்சல்டன்சி என்றுதான் பெயர். அங்கே முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாவது, மென்பொருள் சேவை நிறுவனங்கள். 1968இல் தொடங்கிய டாடா கன்சல்டன்சி சர்வீசஸின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அங்கே புதிதாகச் சேரும் பெரும்பாலோர் செய்வது மென்பொருள் எழுதுவதும் சோதிப்பதும் பராமரிப்பதும். அது கைவேலை, நல்ல வேலை. இன்று என் பேச்சு அதைப் பற்றியதில்லை. மூன்றாவது, நிர்வாக ஆலோசனை. மெக்கின்சி, பாஸ்டன் கன்சல்டிங் குரூப், பெய்ன் போன்றவையும், பெரிய தணிக்கை நிறுவனங்களின் ஆலோசனைப் பிரிவுகளும் செய்வது. கேம்பஸ் பிளேஸ்மென்ட் பட்டியலில் இந்தப் பெயர்கள் வந்தால் விடுதியே விழித்துக்கொள்கிறது. இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அங்கே என்ன நடக்கிறது? ஒரு நிறுவனத்துக்கு ஒரு சிக்கல். விற்பனை விழுகிறது, செலவு ஏறுகிறது, அல்லது புதுச் சந்தைக்குள் போகலாமா என்று தெரியவில்லை. ஆலோசனை நிறுவனத்தை அழைக்கிறது. ஒரு பார்ட்னர், ஒரு மேனேஜர், இரண்டு மூன்று இளம் அனலிஸ்டுகள் வருகிறார்கள். இரண்டு மூன்று மாதம் தங்குகிறார்கள். திங்கள் விடிகாலை விமானம், வாரக் கடைசியில் வீடு. எக்செல் தாளில் கணக்கு, ஸ்லைடில் படம், நள்ளிரவில் திருத்தம். கடைசி நாளில் நிர்வாகக் குழுவின் முன் அறிக்கை. அப்புறம்? அடுத்த ஊர், அடுத்த தொழில், அடுத்த சிக்கல்.

இதில் கற்க ஏராளம் இருக்கிறது. 23 வயதுப் பிள்ளை ஓர் ஆண்டுக்குள் சிமென்ட், மருந்து, வங்கி என்று மூன்று தொழிலின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கிறது. வேறு எந்த வேலையில் இது கிடைக்கும்? கம்பெனித் தலைவர் அமரும் மேசையில் உட்கார்ந்து, கூச்சமில்லாமல் கேள்வி கேட்கப் பழகுகிறது. பெரிய சிக்கலைச் சின்னத் துண்டுகளாக உடைக்கப் பழகுகிறது. சம்பளமும் நல்ல சம்பளம். இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு நான் பேசினால் அது உங்களுக்குச் செய்யும் துரோகம்.

அப்படியென்றால் ஏன் முதல் வேலையாக வேண்டாம் என்கிறேன்? ஒரு டீக்கடை வழியாகச் சொல்கிறேன்.

இந்த வேலைக்கான நேர்காணலில் ஒரு வகைக் கேள்வி வரும். "கோயம்புத்தூரில் ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் டீ விற்கிறது?" விடையைவிட யோசிக்கும் வழியைத்தான் பார்ப்பார்கள். நாம் எப்படிப் போடுவோம்? 2011 கணக்கெடுப்பில் நகரமும் சுற்றுப்புறமும் சேர்ந்து சுமார் 21 லட்சம் பேர். பிள்ளைகளையும் டீ குடிக்காதவர்களையும் கழித்தால் 14 லட்சம் என்று வைப்போம். அதில் பாதிப் பேர் கடையில் குடிப்பார்கள், 7 லட்சம். ஆளுக்கு இரண்டு கிளாஸ், 14 லட்சம் கிளாஸ். இப்போது மறுபக்கத்திலிருந்து சரிபார்ப்போம். ஒரு கடையில் 400 கிளாஸ் விற்கும் என்றால், 3,500 கடை இருக்க வேண்டும். இருக்குமா? இருக்கலாம். நேர்காணல் எடுப்பவர் தலையாட்டுவார், வேலை கிடைக்கும்.

எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில், எங்கள் தெருமுனை டீக்கடை அண்ணாச்சியிடம் போய், "ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் போகும் அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் கை நிற்காமல் ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கிளாஸ் எண்ணி யாரு தம்பி கடை நடத்துறா? பாலைக் கேளு. இன்னைக்கு எத்தன லிட்டர் வாங்குனேன், ராத்திரி எத்தன மிஞ்சுச்சு, அதான் கணக்கு. மழை பெஞ்சா ஒரு கணக்கு, முகூர்த்த நாளுக்கு ஒரு கணக்கு."

நான் மக்கள்தொகையிலிருந்து கீழே இறங்கி வந்தேன். அவர் பால் கேனிலிருந்து மேலே ஏறிப்போனார். எந்தக் கணக்கை நம்பி நீங்கள் கடை வைப்பீர்கள்? நான் போட்ட 'பாதிப் பேர்', 'இரண்டு கிளாஸ்' எல்லாம் ஊகம். எதை அளக்க வேண்டும் என்பதே அந்தக் கடைக்குள் நின்றவருக்குத்தான் தெரிந்திருந்தது. கணக்குப் போடும் முறையை இரண்டு மாதத்தில் கற்றுவிடலாம். எதை அளப்பது என்ற அறிவு, ஒரு தொழிலுக்குள் நின்று வேர்க்காமல் வராது.

ஆலோசனைத் தொழிலைத் தொடங்கி வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஃபிரெடெரிக் டெய்லர் என்ற அமெரிக்கர், தொழிற்சாலை நிர்வாக ஆலோசனைக்கு வழி போட்டவர்களில் முதன்மையானவர். 1911இல் அவர் எழுதிய அறிவியல் முறை நிர்வாகம் பற்றிய புத்தகத்தை இன்றும் கல்லூரிகளில் பாடமாக வைக்கிறார்கள். ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் தேறியும் அவர் அங்கே போகவில்லை. பிலடெல்பியாவில் பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பிறகு 1878இல் மிட்வேல் எஃகு ஆலையில் சாதாரணத் தொழிலாளியாக நுழைந்து, ஃபோர்மேனாகி, தலைமைப் பொறியாளராகி, அதற்குப் பின்னால்தான் பிறருக்கு ஆலோசனை சொல்லக் கிளம்பினார். தொழிலாளரை அவர் பார்த்த பார்வையில் எனக்கு வலுவான மறுப்பு உண்டு. மனிதரை இயந்திரத்தின் உறுப்பாகக் கண்டார். ஆனால் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்காமல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

1926இல் சிகாகோவில் நிறுவனம் தொடங்கிய ஜேம்ஸ் மெக்கின்சி ஒரு கணக்கியல் பேராசிரியர். தொடக்க காலத்து ஆலோசகர்கள் பலர் தலை நரைத்த அனுபவசாலிகள். அப்படியானால் இளம் பட்டதாரிகள் எப்போது உள்ளே வந்தார்கள்? 1950களில். மெக்கின்சியின் அடுத்த தலைமுறைத் தலைவரான மார்வின் பவர், அனுபவசாலிகளைத் தேடுவதைக் குறைத்து, நிர்வாகக் கல்லூரிகளிலிருந்து இளைஞர்களை நேரடியாக எடுக்கத் தொடங்கினார். மற்றவர்கள் பின்பற்றினார்கள். இளைஞர் சொன்னபடி கற்பார், சோர்வறியார், சம்பளமும் குறைவு. நிறுவனத்துக்கு அது நல்ல ஏற்பாடு. அந்த இளைஞருக்கும் அதே அளவு நல்லதா? இந்தக் கேள்வியை நிறுவனம் கேட்காது. நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்த அழைப்பை ஏற்றேன்.

எனக்கு அப்போது 24 வயது. தென்மாவட்டத்தில் ஒரு நூற்பாலை. ஆள் செலவு அதிகம், குறைக்க வழி சொல்லுங்கள் என்று அழைத்திருந்தார்கள். நூற்பாலையில் ரிங் ஃபிரேம் என்று ஓர் இயந்திரம். வரிசையாக நூற்றுக்கணக்கில் கதிர்கள் சுழலும். இழை அறுந்தால், அந்தப் பக்கத்தைப் பார்க்கும் தொழிலாளி ஓடிப்போய் விரலால் ஒட்ட வேண்டும். அவரை சைடர் என்பார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். எட்டு மணி நேரம் நடை, நடை, நடை.

நான் கையில் கடிகாரத்தோடு நின்று ஒரு மணி நேரத்துக்கு எத்தனை இழை அறுகிறது, ஒட்ட எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணினேன். நவம்பர், டிசம்பர், ஜனவரி. மூன்று மாதக் கணக்கு. ஒரு சைடர் இப்போது பார்ப்பதைவிடக் கூடுதல் கதிர்களைப் பார்க்கலாம் என்று கணக்கு சொன்னது. ஸ்லைடு அழகாக வந்தது. பச்சை அம்புக்குறி கீழே இறங்கியது. நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டது. பார்ட்னர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். மறுவாரம் நான் வேறு மாநிலத்தில், வேறு தொழிலில்.

இரண்டு ஆண்டு கழித்து அந்த ஊர் வழியாகப் போனபோது அந்த ஆலை மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்: "தம்பி, நீங்க மழைக்காலத்துல வந்து எண்ணுனீங்க. காத்துல ஈரம் இருக்கும்போது இழை அறுவாது. பங்குனி, சித்திரையில வந்து பாத்திருக்கணும். நம்ம ஈரப்பத மெஷின் பழசு. காத்து காஞ்சிருச்சுன்னா பிள்ளைங்க ஓடி ஓடி ஒட்டுனாலும் தீராது. ஆறு பிள்ளைங்க வேலைய விட்டுப் போயிருச்சு."

ஆறு பெண்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. என் கணக்கில் கூட்டல் பிழை இல்லை, பெருக்கல் பிழை இல்லை. பருத்திக்கும் ஈரத்துக்கும் உள்ள உறவு ஆலையில் ஒரு கோடையைக் கழித்த யாருக்கும் தெரியும். நான் ஒரு கோடையைக்கூட எந்த ஆலையிலும் கழித்ததில்லை. அந்த மேஸ்திரி மூன்று மாதமும் எனக்கு இருபதடி தூரத்தில்தான் இருந்தார். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய குறை எது தெரியுமா? அந்த ஊர் வழியாக நான் போகாமல் இருந்திருந்தால், இன்றுவரை அந்த ஸ்லைடை என் வெற்றி என்றே நம்பிக்கொண்டிருப்பேன்.

இதுதான், மாணவர்களே, முதல் வேலையாக வேண்டாம் என்று நான் சொல்வதன் அடிவேர். தான் சொன்னது பலித்ததா, பொய்த்ததா என்று பார்க்க இருக்கும் இடத்தில்தான் இளவயதில் ஒருவருக்குப் புத்தி முதிர்கிறது. விதைத்தவர் அறுப்பு வரை நிற்க வேண்டும். ஆலோசகரோ நாற்று நட்ட மறுநாள் ஊரைவிட்டுப் போகிறார். நாற்பது வயதில் அப்படிப் போகலாம், ஏற்கெனவே பல அறுப்பைப் பார்த்திருப்பார். இருபத்திரண்டு வயதில் போனால் எதைக்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்வார்?

திருக்குறளின் அதிகார வரிசையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 64ஆவது அதிகாரம் அமைச்சு. அரசனுக்கு ஆலோசனை சொல்பவரைப் பற்றியது. அடுத்தது சொல்வன்மை. ஆலோசகருக்குப் பேச்சு வேண்டும், சரி. அதற்கடுத்து என்ன? வினைத்தூய்மை. அதற்கடுத்து? வினைத்திட்பம். அதற்கும் அடுத்து? வினைசெயல்வகை. சொல்லுக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், அதன் பின்னாலேயே வினைக்கு மூன்று அதிகாரம் வைக்கிறார். ஆலோசனைத் தொழிலைப் பற்றி நம் மொழியில் இதைவிடச் சரியான பாடத்திட்டம் எனக்குத் தெரியாது.

"ஐயா, இந்திரா நூயி கன்சல்டிங்கில் இருந்தவர்தானே, சுந்தர் பிச்சை இருந்தவர்தானே" என்று கேட்பீர்கள். ஆமாம், இருந்தார்கள். எப்போது இருந்தார்கள் என்று பாருங்கள். சென்னையில் பிறந்த இந்திரா நூயி, கல்கத்தா ஐ.ஐ.எம். முடித்துவிட்டு முதலில் போனது மேட்டூர் பியர்ட்செல் என்ற துணி நிறுவனத்துக்கு. பிறகு பம்பாயில் ஜான்சன் அண்ட் ஜான்சன். பெண்களுக்கான சானிட்டரி நாப்கினை இந்தியாவில் விற்கும் வேலை. வீட்டுக்குள்கூட அதைப் பற்றி வாய்விட்டுப் பேசத் தயங்கிய காலம். அந்தத் தயக்கத்தோடு நேருக்கு நேர் மோதியவர், யேல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, 1980இல்தான் பாஸ்டன் கன்சல்டிங் குரூப்புக்குப் போனார். ஆறு ஆண்டு இருந்தார். பிறகு மீண்டும் பொருள் செய்யும் நிறுவனங்களுக்கே திரும்பினார். 1994இல் பெப்சிகோ. 2006இல் அதன் தலைமைச் செயல் அதிகாரி.

மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை, உலோகவியல் படித்தவர். அப்ளைட் மெட்டீரியல்ஸ் என்ற நிறுவனத்தில், சிப் தயாரிக்கும் இயந்திரங்களின் உலகில் பொறியாளராக இருந்தார். அதற்குப் பிறகு எம்.பி.ஏ. அதற்குப் பிறகுதான் மெக்கின்சி, கொஞ்ச காலம். 2004இல் கூகுள்.

எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரகலாத். உலகின் பெரிய நிறுவனங்களெல்லாம் ஆலோசனைக்குத் தேடிவந்த பேராசிரியர். சென்னை லயோலாவில் இயற்பியல் முடித்ததும் 19 வயதில் யூனியன் கார்பைடின் பேட்டரி ஆலையில் சேர்ந்து 4 ஆண்டு வேலை பார்த்தார். அதன் பிறகே அகமதாபாத் ஐ.ஐ.எம்., ஹார்வர்டு, மிச்சிகன். 2004இல் ஏழை மக்களின் சந்தை பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற நூலில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஒரு பாடமாக இருக்கிறது. 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை. அறுவை அரங்கில் ஒரு மருத்துவரின் கை சும்மா இருக்கும் நேரத்தை எப்படிக் குறைத்தார்கள் என்பதன் அருமை, ஆலைத்தளத்தில் நின்றவர் கண்ணுக்குச் சட்டென்று தெரியும்.

மூவரும் வேலை செய்துவிட்டு ஆலோசனைக்குப் போனவர்கள். நேரே சேர்ந்து உயர்ந்தவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நம் வீடுகளில் எடுத்துக்காட்டாகச் சொல்லும் பெயர்களின் வரலாறு இப்படி இருக்கிறது என்பதைப் பெற்றோர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஓபியாய்டு வலி மாத்திரைகளால் பெருந்திரளான மக்கள் அடிமைப்பட்டு மாண்டார்கள். அத்தகைய மாத்திரை ஒன்றைத் தயாரித்த பர்டியூ ஃபார்மாவுக்கு விற்பனையைக் கூட்ட ஆலோசனை சொன்னது மெக்கின்சி. 2021இல் அமெரிக்க மாநிலங்களுடன் 57.3 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசின் விசாரணையைத் தீர்க்க 65 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இது போன்ற வேலைகளில் கணக்குப் போடுவதும் ஸ்லைடு செய்வதும் யார்? பெரும்பாலும் உங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்கள். அந்தத் தாளில் இருப்பது எண். எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்று அந்த வயதில் எப்படித் தெரியும்? முன்பே ஒரு மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ நின்றிருந்தால் தெரியும். அப்போது "இதை நான் செய்யமாட்டேன்" என்று சொல்லும் துணிவும் வரும்.

இனி, உங்களில் சிலர் மனதில் ஓடுவதை நான் அறிவேன். "ஐயா, கல்விக்கடன் இருக்கிறது. தங்கை படிக்கிறாள். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. கையில் இருக்கும் பெரிய சம்பளத்தை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போ என்கிறீர்களா?" இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு என் பதில் வேறு. போங்கள். தயங்காமல் போங்கள். கடனை அடையுங்கள். வீட்டைத் தூக்கி நிறுத்துங்கள். ஆனால் போகும்போதே ஒரு முடிவோடு போங்கள்: இரண்டு ஆண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்குள் பார்க்கும் தொழில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்குள் இறங்கிவிடுவது. அங்கே இருக்கும் நாளிலும், ஒவ்வொரு ஆலையிலும் மேஸ்திரி யார், கிடங்குக்காரர் யார், இரவு ஷிப்ட் பார்ப்பவர் யார் என்று தேடிப்போய் உட்காருங்கள். அறிக்கை கொடுத்து ஆறு மாதம் கழித்து ஒரு போன் போடுங்கள். "நாங்கள் சொன்னது என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். யாரும் உங்களைக் கேட்கச் சொல்லமாட்டார்கள். நீங்கள் கேளுங்கள்.

கடன் நெருக்காத பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். முதல் இரண்டு ஆண்டை ஒரு தொழிலுக்குக் கொடுங்கள். ஒசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உற்பத்தித் தளங்கள் இருக்கின்றன. திருப்பூரில் பின்னலாடை இருக்கிறது, கோயம்புத்தூரில் பம்பு இருக்கிறது, சிவகாசியில் அச்சகம் இருக்கிறது. ஊர் ஊராகப் போய்க் கடைக்காரரிடம் ஆர்டர் எடுக்கும் விற்பனை வேலை இருக்கிறது. அது உங்களுக்குக் கற்றுத்தருவதை எந்த வகுப்பும் தராது. இன்று, சந்தை விவரம் திரட்டுவது, ஸ்லைடு போடுவது போன்ற தொடக்கநிலை வேலைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சில நிமிடங்களில் முதல் வரைவாகச் செய்து கொடுத்துவிடுகின்றன. பால் கேனைக் கேட்க வேண்டும், பங்குனியில் வந்து பார்க்க வேண்டும் என்பது அந்தத் தளத்தில் நின்ற ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளாக நீங்கள் 25 வயதில் ஆலோசனை நிறுவனத்தின் கதவைத் தட்டினால், உங்கள் பேச்சுக்கு வேறு மதிப்பு இருக்கும்.

பெற்றோர்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மகளோ மகனோ முதல் வேலையாக ஓர் ஆலையையோ விற்பனைக் களத்தையோ தேர்ந்தெடுத்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தோடு ஒப்பிட்டு அவர்களைக் கலங்க வைக்காதீர்கள். இரண்டு ஆண்டு பொறுத்துக்கொள்ளுங்கள். சட்டையில் எண்ணெய்க் கறையோடு வீட்டுக்கு வந்தால், இன்று என்ன கற்றாய் என்று கேட்டுச் சோறு போடுங்கள். அந்த இரண்டு ஆண்டை அவர்களுக்குக் கொடுங்கள்.